முட்செடியின் காவலர்கள்: சீனாய் மலைப் புனித கத்தரீன் துறவு மடம்

திருநாட்டுக்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்களில் பலர் எகிப்து வழியாகச் செல்கிறார்கள். நள்ளிரவு கடந்து எழுந்து, இருட்டிலேயே சீனாய் மலை ஏறி, உச்சியில் சூரிய உதயத்தைக் கண்டு செபித்துவிட்டு இறங்குகிறார்கள். அடிவாரத்தில் கோட்டைபோல் நிற்கும் மடத்துக்குள் போய், மோசே கண்டதாகப் போற்றப்படும் முட்செடியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதும் பேருந்து கிளம்பிவிடுகிறது. கால்கள் சோர்ந்திருக்கும், கண்களில் தூக்கம் இருக்கும். அந்த மடத்தின் வரலாற்றைக் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை. அந்த வரலாற்றை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இது கத்தோலிக்க மடம் அன்று. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் துறவியரின் மடம். எகிப்து நாட்டின் தென் சீனாய்ப் பகுதியில், 2,285 மீட்டர் உயரமுள்ள மோசே மலையின் அடியில் இருக்கிறது. உரோமைப் பேரரசு, அரபுக் கலீபாக்கள், பாத்திமியர், மம்லூக்கியர், ஒட்டோமான் துருக்கியர், சிறிது காலம் பிரெஞ்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர், எகிப்து, இஸ்ரயேல், மறுபடியும் எகிப்து என்று ஆட்சிகள் அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தன. அரசன் மாறினான், அரசனின் சமயம் மாறியது, மலையடிவாரத்து மக்களின் சமயமும் மாறியது. மடத்தில் செபம் மட்டும் நிற்கவில்லை. படையும் பணமும் இல்லாத ஒரு சிறு துறவியர் கூட்டம் இத்தனைக்கும் நடுவில் எப்படி நிலைத்தது?

பேரரசர் எழுப்பிய மதில்

சீனாயில் துறவியர் வாழ்வு பேரரசர் யுஸ்தீனியன் காலத்துக்கு முந்தியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், 381-க்கும் 384-க்கும் இடையில், எகேரியா என்ற பெண் திருப்பயணி இங்கு வந்தார். தம் ஊரிலிருந்த அருள்சகோதரிகளுக்கு அவர் எழுதிய மடலில், முட்செடி இருந்த இடத்தில் ஒரு கோவிலும், அதற்கு முன்னால் ஓர் அழகிய தோட்டமும், நல்ல தண்ணீரும், சுற்றிலும் துறவியரின் குடில்களும் இருந்ததைக் குறிப்பிடுகிறார்.

மதிலும் பெருங்கோவிலும் ஆறாம் நூற்றாண்டில் வந்தன. ஆண்டைக் கணிக்க உதவுபவை கோவில் கூரையின் மர உத்தரங்கள். அவற்றில் வெட்டப்பட்டுள்ள எழுத்துகள் யுஸ்தீனியனை வாழ்பவராகவும், அரசி தெயொதோராவை இறந்தவராகவும் குறிப்பிடுகின்றன. அரசி இறந்தது 548, அரசர் இறந்தது 565. எனவே இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் கோவில் எழும்பியது. அய்லா ஊரைச் சேர்ந்த ஸ்தேபான் என்ற கட்டடக் கலைஞரின் பெயரும் அதே உத்தரங்களில் இருக்கிறது. பேரரசரோடு கொத்தனார் பெயரும் ஆண்டவரின் இல்லத்தில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் முதுபெரும் தந்தையாக இருந்த யூத்திக்கியுஸ் ஒரு கதை சொல்கிறார். கோட்டையை மலையுச்சியில் கட்டாமல் பள்ளத்தாக்கில் கட்டியதற்காகப் பேரரசர் சினங்கொண்டு, கட்டியவரின் தலையை வெட்டச் சொன்னாராம். கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அது சுட்டும் உண்மை முக்கியமானது: போர்க் கண்ணோடு பார்த்தால் இது மிக மோசமான இடம். மேலிருந்து கல்லெறிந்தாலே உள்ளே விழும். ஆனாலும் தண்ணீர் இங்கேதான் இருந்தது, முட்செடியும் இங்கேதான் இருந்தது. ஆகவே கருங்கல் மதில் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மதிலை மட்டும் நம்பி வாழ முடியாது என்பது முதல் நாளே தீர்மானமாகிவிட்டது.

யுஸ்தீனியன் மடத்துக்குக் காவலாகவும் ஊழியத்துக்காகவும் உரோமை நாட்டிலிருந்தும் எகிப்திலிருந்தும் குடும்பங்களை அனுப்பினார் என்றும் யூத்திக்கியுஸ் எழுதுகிறார். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களே இன்று ஜபாலியா என்ற பெதுவின் குலத்தார். ஜபாலியா என்றால் மலைக்காரர் என்று பொருள். காலப்போக்கில் அவர்கள் இஸ்லாமியர் ஆனார்கள். ஆனால் மடத்தை விட்டுப் போகவில்லை. தோட்ட வேலை, காவல், ஒட்டகத்தில் திருப்பயணிகளை ஏற்றிச் செல்வது என்று அவர்களுடைய உழைப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மடத்தின் வாயில் அடைத்திருக்கும். மதிலில் உயரமான ஒரு திறப்பிலிருந்து கயிறு இறங்கும். வருகிறவர்களை அதில் கட்டி மேலே தூக்குவார்கள். அதே மதிலின்மேலிருந்து பெதுவின் மக்களுக்கு ரொட்டி கொடுக்கப்படும். மடத்துத் துறவியர் அயலாரிடம் எல்லாக் காலத்திலும் சுமுகமாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அச்சமும் சண்டையும் இருந்ததால்தான் வாயில் அடைக்கப்பட்டது. ஆனாலும் ரொட்டி நிற்கவில்லை.

யுஸ்தீனியன் காலத்துக்குப் பின் சில பத்தாண்டுகளில் இங்கே மடத்தலைவராக இருந்தவர் புனித யோவான் கிளிமாக்குஸ். ஆன்மீக வாழ்வை முப்பது படிகள் கொண்ட ஏணியாக விளக்கி அவர் எழுதிய நூல் கீழைத் திருச்சபையில் தவக்காலந்தோறும் வாசிக்கப்படுகிறது. மார்ச் 30 அவருடைய நினைவு நாள்; நமக்கும் அவர் புனிதரே.

உள்ளங்கை பதித்த சாசனம்

639-இல் தொடங்கிய அரபுப் படையெடுப்பில், மூன்றே ஆண்டுகளில் எகிப்து உரோமைப் பேரரசின் கையை விட்டுப் போயிற்று. சீனாய் மடமும் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்தது. மடத்தின் மரபின்படி, அதற்கு முன்பே துறவியர் மதீனாவுக்கு ஆள் அனுப்பி, முகமது நபியிடமிருந்து பாதுகாப்புச் சாசனம் பெற்றிருந்தார்கள். கையொப்பத்துக்குப் பதிலாக நபிகள் தம் உள்ளங்கையைப் பதித்தார் என்கிறார்கள். துறவியர்மேல் வரி விதிக்கக் கூடாது, கோவில்களை இடிக்கக் கூடாது, பழுதுபார்க்க உதவ வேண்டும் என்பவை அதில் கண்டவை. 1517-இல் எகிப்தைக் கைப்பற்றிய ஒட்டோமான் சுல்தான் முதலாம் சலீம் மூலப்படியை எடுத்துக்கொண்டு, மடத்துக்கு நகல் கொடுத்தார் என்பதும் மரபே.

இந்தச் சாசனம் உண்மையில் நபிகள் காலத்ததா என்பதில் ஆய்வாளர் பலருக்கு ஐயம் உண்டு. நம் பார்வையில் அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. ஆட்சிக்கு வந்த முஸ்லிம் அரசர்கள் இதை ஏற்று நடந்தார்கள். பாத்திமியர், அய்யூபியர், மம்லூக்கியர், ஒட்டோமானியர் என்று அடுத்தடுத்த அரசுகள் துறவியரைத் துன்புறுத்தக் கூடாது என்று கொடுத்த ஆணைகள் மடத்தின் ஆவணக்காப்பகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் நம்பகத்தன்மையில் ஐயமில்லை. ஒரே பாதுகாப்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதும் தெரிகிறது.

மடத்து மதிலுக்குள், பெருங்கோவிலுக்கு எதிரிலேயே, ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. முதன்முறை பார்க்கும் நம் மக்கள் திகைப்பார்கள். எருசலேமில் ஆண்டவரின் கல்லறைக் கோவிலை 1009-இல் இடிக்கச் செய்த கலீபா அல்-ஹாக்கிமின் சினத்துக்குத் தப்பவே துறவியர் அவசரமாக ஒரு பள்ளிவாசலை எழுப்பினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. ஆனால் உள்ளே இருக்கும் மர மிம்பரில் 1106-ஆம் ஆண்டுக்கு இணையான இஸ்லாமிய ஆண்டு செதுக்கப்பட்டுள்ளது. அது அல்-ஹாக்கிம் இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த காலம், கலீபா அல்-ஆமிரின் ஆட்சி. அச்சத்தால் கட்டினார்களோ, மடத்தில் வேலை செய்த இஸ்லாமியரும் வந்து தங்கிய பயணிகளும் தொழ இடம் வேண்டும் என்று விட்டுக்கொடுத்தார்களோ, அந்தக் கட்டடம் ஒன்பது நூற்றாண்டுகளாக அங்கேயே நிற்கிறது. முக்கிய நாள்களில் பெதுவின் மக்கள் அதில் தொழுதிருக்கிறார்கள். அதன் தூபியும் கோவிலின் மணிக்கூண்டும் அருகருகே உயர்ந்து நிற்கின்றன. மணிக்கூண்டு 1871-இல் எழுந்தது. மணிகள் இரஷ்யாவின் கொடை.

இஸ்லாமிய ஆட்சிக்குள் இருந்ததால் மடத்துக்குக் கிடைத்த ஒரு நன்மையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 726 முதல் 843 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, கான்ஸ்தாந்திநோபிள் பேரரசர்கள் திருவுருவங்களுக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள். கிறிஸ்துவின் முகத்தையும் அன்னை மரியாவின் முகத்தையும் வரைந்த பலகைகள் கிறிஸ்தவ அரசரின் ஆணையால் கிறிஸ்தவர் கைகளாலேயே உடைக்கப்பட்டன. கலீபாவின் எல்லைக்குள் இருந்த சீனாய்க்கு அந்த ஆணை எட்டவில்லை. திருவுருவ வணக்கத்தைக் காத்து எழுதிய மறைவல்லுநர் தமஸ்கு நகர் யோவானும் இதே காரணத்தால்தான் அச்சமின்றி எழுத முடிந்தது. இன்று ஏறத்தாழ 2,000 திருவோவியங்கள் சீனாயில் உள்ளன. அவற்றுள் ஒன்று, உருக்கிய மெழுகில் நிறம் குழைத்து ஆறாம் நூற்றாண்டில் வரைந்த ஆண்டவரின் உருவம். முகத்தின் ஒரு பாதி கனிவாகவும் மறுபாதி நடுவரின் கண்டிப்போடும் தோன்றும். நம் இல்லங்களில்கூட அதன் நகலைக் காண்கிறோம். இஸ்லாமிய ஆட்சியில் இருந்ததால் பிழைத்த கிறிஸ்துவின் முகம் அது.

அரபு மொழியும் மடத்துக்கு அந்நியமாக நிற்கவில்லை. பவுலடியாரின் திருமுகங்களை அரபியில் பெயர்த்த, 867-ஆம் ஆண்டைக் குறிக்கும் சுவடி ஒன்று இங்கே இருக்கிறது. கிரேக்கம், சிரியாக், ஜோர்ஜியம், சிலாவியம், எத்தியோப்பியம் என்று பல மொழிச் சுவடிகள், ஏறத்தாழ 3,300, இந்தப் பாலைநிலத்தில் சேர்ந்தன. இலங்கையிலும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததை ஆறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த கோஸ்மாஸ் என்ற வணிகரின் நூலுக்குப் பதினோராம் நூற்றாண்டுப் படவிளக்கப் படி ஒன்றும் அவற்றுள் அடங்கும். அந்தக் கோஸ்மாஸ் சீனாய்ப் பாலைநிலத்தில் தாமே நடந்து பாறைக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்.

உரோமையும் சீனாயும்

நமக்கும் இந்த மடத்துக்கும் உள்ள உறவு பழையது. 600-ஆம் ஆண்டில் திருத்தந்தை புனித பெரிய கிரகோரி, சீனாயின் மடத்தலைவர் யோவானுக்கு ஒரு மடல் எழுதினார். அங்கிருந்த முதியோர் இல்லத்தில் படுக்கை போதவில்லை என்று கேள்விப்பட்டு, 15 கட்டில்களையும் போர்வைகளையும் பணத்தையும் அனுப்பிவைத்தார். அகில உலகத் திருச்சபையின் கவலைகளுக்கு நடுவில் கட்டிலை எண்ணி அனுப்பிய திருத்தந்தை!

1054-இல் கீழை, மேலைத் திருச்சபைகளின் பிரிவு வந்த பின்பும் வழி முற்றாக அடைபடவில்லை. பதினோராம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகர் புனித கத்தரீனின் திருப்பண்டங்கள் சீனாயிலிருந்து பிரான்சின் ரூவான் நகருக்கு வந்ததாகச் செய்தி பரவியது. மேலை நாடுகளில் அவர்மேல் பக்தி பெருகியது. அதுவரை முட்செடியின் பெயராலும் இறையன்னையின் பெயராலும் அறியப்பட்ட மடம் புனித கத்தரீன் மடம் என்று வழங்கத் தொடங்கியது. திருத்தந்தை மூன்றாம் ஓனோரியுஸ் 1217-இல் சீனாயின் ஆயர் சிமியோனுக்கு ஆணைமடல் கொடுத்து மடத்தின் சொத்துகளை உறுதிப்படுத்தினார். திருப்பயணிகளின் குடும்பச் சின்னங்கள் உணவுக்கூடத்தின் கற்களில் இன்றும் தெரிகின்றன. ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து தொமினிக்கன் துறவி பேலிக்ஸ் பாப்ரி 1483-இல் வந்து விரிவாக எழுதிவைத்தார். புனித கத்தரீனின் விழா 1969-இல் உரோமை நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதும், 2002-இல் நவம்பர் 25-க்கு மீண்டும் சேர்க்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் சிலுவைப் போர்க் காலத்தில் நடந்த ஒன்று இந்தத் துறவியரின் இயல்பை நன்றாகக் காட்டுகிறது. எருசலேமின் அரசர் முதலாம் பால்டுவின் 1116-இல் செங்கடல் கரையிலுள்ள அய்லா வரை வந்தார். அங்கிருந்து மடத்தைக் காண விரும்பினார். துறவியர் ஆளனுப்பி, தயவுசெய்து வரவேண்டாம் என்றார்கள். கிறிஸ்தவ அரசன் வந்து போனால், அவன் போன பிறகு கெய்ரோவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பால்டுவினும் திரும்பிப் போனார். அரசனுக்கு நல்லதாகத் தெரிந்த வருகை, மடத்தில் தங்கப்போகிறவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

திரும்பி வராத திருவிவிலியம்

மடத்தின் பெரிய இழப்பு படையெடுத்து வந்தவர்களால் ஏற்படவில்லை. திருவிவிலியத்தின்மேல் பேரார்வம் கொண்ட ஒரு கிறிஸ்தவ அறிஞரால் ஏற்பட்டது. ஜெர்மானிய அறிஞர் தீஷெண்டோர்ப் 1844-இல் இங்கு வந்தபோது, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கத் திருவிவிலியத்தின் தோல் ஏடுகளைக் கண்டார். நெருப்புக்குப் போக இருந்த கூடையிலிருந்து மீட்டதாக அவர் எழுதினார். மடம் அதை மறுக்கிறது. 43 ஏடுகள் லைப்சிக் நகருக்குப் போயின. 1859-இல் மூன்றாம் முறை வந்து, எஞ்சிய பெரும்பகுதியைப் பார்த்து, படியெடுக்கக் கடனாகப் பெற்றுக்கொண்டார். திருப்பித் தருவதாக அவர் எழுதிய கடிதத்தை மடம் பத்திரமாக வைத்திருக்கிறது. சுவடி இரஷ்யப் பேரரசரிடம் போயிற்று. 1869-இல் கொடைப் பத்திரம் ஒன்று கையெழுத்தானது. மடத்துக்கு 9,000 ரூபிள் வந்தது. அது மனமுவந்த கொடையா, வேறு வழியின்றி இட்ட கையெழுத்தா என்ற வாதம் ஓயவில்லை. 1933-இல் சோவியத் அரசு அதை ஒரு லட்சம் பவுனுக்கு இலண்டன் அருங்காட்சியகத்துக்கு விற்றது. தோல் ஏடுகளுக்கு ஆட்சி மாற்றம் இப்படி நேர்ந்தது: பேரரசரிடமிருந்து இறைமறுப்பு அரசுக்கு, அங்கிருந்து ஆங்கிலேயருக்கு.

1975-இல் மடத்தின் வடமதிலில் புனித ஜார்ஜ் சிற்றாலயத்துக்குக் கீழே பழுதுபார்க்கும்போது, மறந்துபோன ஓர் அறையில் குவியலாகச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் அதே திருவிவிலியத்தின் 12 ஏடுகளும் சில துண்டுகளும் இருந்தன. அவை சீனாயிலேயே இருக்கின்றன. 2005-இல் இலண்டன், லைப்சிக், பீட்டர்ஸ்பர்க், சீனாய் ஆகிய நான்கு தரப்பும் உடன்படிக்கை செய்து, 2009-இல் முழுச் சுவடியையும் இணையத்தில் ஒன்றாக வெளியிட்டன. ஏடுகள் மட்டும் நான்கு ஊர்களில்தான் இருக்கின்றன.

நம் காலத்தில்

நெப்போலியன் 1798-இல் எகிப்துக்கு வந்து மடத்துக்குப் பாதுகாப்பு ஆணை தந்ததும், அவருடைய தளபதி கிளேபர் இடிந்த மதிலைச் செப்பனிட ஏற்பாடு செய்ததும் வரலாற்றில் ஒரு சிறு பத்தி. 1967-இல் சீனாய் இஸ்ரயேல் வசமானது. 1979-இல் அமைதி உடன்படிக்கைப்படி இந்தப் பகுதி எகிப்துக்குத் திரும்பியது. அந்த நவம்பரிலேயே அதிபர் சாதாத் இங்கு வந்தார். யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வழிபாட்டிடங்களை இங்கே அருகருகே எழுப்பும் எண்ணம் அவருக்கு இருந்தது. 1981-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

2000 பிப்ரவரி 26 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்தார். 1973 முதல் சீனாயின் பேராயராக இருந்த தாமியானோசும் துறவியரும் அன்போடு வரவேற்றார்கள். மடத்தின் ஒலிவத் தோட்டத்தில் இறைவார்த்தை வழிபாடு நடந்தபோது அவர்கள் சேர்ந்து செபிக்கவில்லை. ஒன்றிப்பு இல்லாதவர்களோடு பொதுச் செபம் இல்லை என்பது அவர்களது ஒழுங்கு. நமக்கு அது வலித்தது உண்மை. ஆனால் பால்டுவினை வழியிலேயே திருப்பி அனுப்பியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். யார் வந்தாலும் விருந்து உண்டு, ஆனால் வந்தவர் விருப்பத்துக்காகத் தங்கள் ஒழுங்கை மாற்றிக்கொள்வதில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாமலிருந்தால் திருத்தந்தை வந்து பார்க்க அங்கே மடம் இருந்திருக்குமா என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

2002-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 2017 ஏப்ரலில் மடத்துக்கு அருகிலுள்ள சோதனைச் சாவடியில் தீவிரவாதிகள் சுட்டதில் காவலர் ஒருவர் இறந்தார். இறந்தவர் மடத்துக்குப் போகும் வழியைக் காத்து நின்ற எகிப்தியக் காவலர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதைவிட ஆழமான கேள்வி 2025 மே 28 அன்று எழுந்தது. இஸ்மாயிலியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மடமும் சுற்றியுள்ள வழிபாட்டிடங்களும் அமைந்த நிலம் அரசின் பொதுச் சொத்து, துறவியருக்கு அங்கே தங்கிப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று கூறப்பட்டது. மடத்தின் புனிதத் தன்மைக்குக் குறை வராது என்று எகிப்து அரசு உறுதி சொன்னது. கிரேக்க அரசும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் கவலை தெரிவித்தன. அப்பகுதியில் பெரிய சுற்றுலாத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்த வேளை அது. பயன்படுத்தும் உரிமைக்கும் உடைமைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நிலத்தகராறில் சிக்கிய எந்தப் பங்கைக் கேட்டாலும் சொல்லும். உடைமையாளர் கேட்டு வாங்க வேண்டியதில்லை; பயன்படுத்துபவர் ஒவ்வொரு ஆட்சியிலும் கேட்டு வாங்க வேண்டும். பாத்திமியர் கால ஆணைகள் அத்தனை அடுக்காக ஆவணக்காப்பகத்தில் இருப்பதற்குக் காரணமும் அதுதானே?

அந்த நெருக்கடியோடு மடத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடும் வெடித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் பொறுப்பிலிருந்த பேராயர் தாமியானோஸ் 2025 செப்டம்பரில் விலகினார். அதே மாதம் துறவியர் சிமியோனைத் தலைவராகத் தேர்ந்துகொண்டார்கள். 1217-இல் உரோமையின் ஆணைமடலைப் பெற்ற ஆயரின் பெயரும் அதுவே. பழைய வழக்கப்படி அக்டோபரில் எருசலேமில் முதுபெரும் தந்தையின் கைகளால் அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். நிலம் பற்றிய பொறுப்பு இப்போது அவர் தோளில். இருபதைச் சற்று ஏறக்குறைய துறவியர், பெரும்பாலும் கிரேக்கர்கள், அவரோடு இருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே ஜபாலியா மக்களும் இருக்கிறார்கள்.